மூன்றாவது முறை கேட்காதவர்

எங்கள் ஊரில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது முறை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டால், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையும் குடிக்கலாம். இந்த மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெர்லின் நில்சனும் இங்கேயே பிறந்தவர்தான். அதனால்தான் அவர் செய்ததை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

வெர்லின் கல்லறைக் கல் செதுக்குபவர். என் கணவர் ஆரின் ஹால்வர்சென் இறந்ததும் அவரிடம்தான் கல்லுக்குச் சொன்னேன். சாம்பல் நிறக் கிரானைட், ஓரத்தில் ஒரு தூண்டில். கல் வந்தது, நட்டார்கள். அதில் ஹால்வர்சன் என்று இருந்தது.

வெளியூர்க்காரர்கள் இதற்குச் சிரிப்பார்கள். எங்களுக்கு அப்படி அல்ல. சென் என்று முடிந்தால் நார்வேயிலிருந்து வந்த குடும்பம், சன் என்று முடிந்தால் ஸ்வீடன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஈ இருக்க வேண்டிய இடத்தில் ஓ. ஆரின் வாழ்நாள் முழுவதும் அந்த ஈக்குக் காவல் இருந்தார். வங்கியில், மருத்துவமனையில், தபால்காரரிடம், "சன் இல்லைங்க, சென்." எங்கள் திருமணத்தில் பாதிரியாரையே பாதியில் நிறுத்தித் திருத்தினார். நான் சம்மதம் சொல்லத் திறந்த வாயோடு நின்றேன்.

வெர்லின் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தார். தொப்பி கையில் இருந்தது. காதுகள் சிவந்திருந்தன.

"ஆர்டிஸ், நான் வேற கல்லு செஞ்சு தந்துடறேன். முழுக்க என் பொறுப்பு."

"ஐயோ, வேண்டாம் வெர்லின். பரவால்ல."

"நெசமாத்தான் சொல்றேன். அடுத்த வாரமே வெச்சுடலாம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம். ஆரினா எந்திரிச்சு வந்து படிக்கப் போறார்?"

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார். நான் அவ்வளவு நேரமும், சரி, உங்களுக்கு முடிந்தால் செய்யுங்கள் என்ற வாக்கியத்தை வாயில் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காப்பி நேரத்தில், மெதுவாகத்தான் சொன்னேன். என் தோழி பெவ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்த மனுஷனைப் பிடிச்சு ஸ்வீடன்காரனா மாத்திட்டானா அந்த ஸ்வீடன்காரன்?"

"தெரியாமத்தான் பண்ணியிருப்பார், பெவ்."

"தெரியாமயா? அவன் தாத்தா காலத்துலேர்ந்து காத்துக்கிட்டிருந்திருப்பான். ஆர்டிஸ், நீ ஒரு அசடு. இதைச் சும்மா விட்டேன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

ஆரின் போன புதிதில் எல்லோரும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு பாத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது மறுபடியும் தொலைபேசி அடித்தது. வாசலில் சூடான பாத்திரங்கள் வந்தன. மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பி என் கையைப் பிடித்தார்கள். உடம்பில் பாதி எடை இறங்கியதுபோல் இருந்தது. ஒரு நாள் காலையில் அடுப்படியில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. கல் சரியாகிவிட்டால் தொலைபேசி நின்றுவிடுமே என்று தோன்றியதா என்றால், தோன்றியது.

ஆனாலும் நான் அவசரக்காரி அல்ல. ஒரு குறை என்றால் எடுத்த எடுப்பில் டிவிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. நான் முதலில் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று பார்த்தேன். மார்லிஸ் க்விஸ்ட் எங்கள் ஊர் வக்கீல், பொறுமைசாலி.

"முதல் வழி, நேராப் போய்க் கேளுங்க. மாத்திக் குடுங்கன்னா அந்த மனுஷன் மாத்திக் குடுத்துடுவார்."

"நானாப் போய்க் கேக்கறதா?"

"ஆமா ஆர்டிஸ். வாயால."

நான் அவள் மேசையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கூச்சமா இருந்தா பொதுவா ஒருத்தரை வெச்சுப் பேசலாம். அதுலயும் தீரலேன்னா சின்ன வழக்குக்குன்னு கோர்ட் இருக்கு. நான்கூட வேண்டாம், நீங்களே பேசலாம். நீதிபதி உங்களையும் கேப்பார், அவரையும் கேப்பார்."

"அவரையுமா?"

"பின்னே? எழுத்தை யார் சொன்னா, எப்படிச் சொன்னான்னு ரெண்டு பேரையும் கேட்டாத்தானே தீர்ப்பு?"

"டிவியில?"

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "டிவியில முதல்ல உங்களைத்தான் கேப்பாங்க. அவர்கிட்டப் போறதுக்குள்ள ஊரே முடிவு பண்ணியிருக்கும். அதனாலதான் அதைக் கடைசியா வெச்சுக்கச் சொல்றேன். நீங்க சொல்றதுல பொய் இருந்துச்சுன்னா அவர் உங்க மேலயே கேஸ் போடலாம், தெரியுமா?"

"வெர்லின் போட மாட்டார்," என்றேன். "ரொம்ப நல்லவர்."

எல்லா வழிகளையும் அப்படி நிதானமாக எடைபோட்டுவிட்டு டிவிக்குத் தொலைபேசி செய்தேன்.

டுலூத் நகரத்திலிருந்து வந்தார்கள். மக்கள் குறைகளைத் தட்டிக்கேட்கும் நிகழ்ச்சி அது. கெய்லி என்ற இளம்பெண் என் கன்னத்தில் பவுடர் போட்டுவிட்டாள். என் முகத்தைக் கடைசியாக வேறொருவர் தொட்டது எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. கல்லில் அந்த ஓவைத் தடவச் சொன்னாள். தடவினேன். இன்னொரு முறை, மெதுவாக, என்றாள். மெதுவாகத் தடவினேன்.

"எழுத்து எப்படின்னு அவர் உங்களைக் கேட்டாரா, ஆர்டிஸ்?"

"ஒரு தடவைகூடக் கேக்கல."

அங்கிருந்து நேரே வெர்லின் கடைக்குப் போனார்கள். அன்று மாலை பெவ், இன்னும் சிலர், எல்லோரும் என் வீட்டில் கூடிப் பார்த்தோம். வெர்லின் கேமராவைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆர்டிஸ் அப்படிச் சொன்னாங்கன்னா அப்படித்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்து காப்பி மூக்கில் ஏறிவிட்டது. பெவ் முதுகில் தட்டினாள். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததில்லை, என் திருமணத்தன்றுகூட.

பிறகு வெர்லினிடம் யாரும் கல்லுக்குச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் சொன்னதைத் திரும்பப் பெற்றார்கள். தேவாலயத்தில் அவரும் அவர் மனைவி லவானும் உட்காரும் வரிசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. கல்லில் ஈ இல்லை, கடையில் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நானே ஒரு நாள் சொன்னேன். நல்ல வரவேற்பு இருந்தது.

ஏப்ரலில் அவர் மீன் பிடிக்க உறைந்த ஏரியின் பனி மேல் நடந்து போனார். ஏப்ரல் பனி ஆளைத் தாங்காது என்று எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. அடக்கத்துக்கு எலுமிச்சை பார் என்கிற இனிப்புத் துண்டுகள் செய்துகொண்டு போனேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெர்லின் கேட்டார். கல்லுக்குச் சொல்லப் போன அன்று, சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "சென்னுதானே, ஆர்டிஸ்?" என்று கேட்டார். நான் சன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன். தவறிச் சொல்லவில்லை. அதைச் சொன்னபோது அந்த அறையில் என்னைத் திருத்த ஒருவரும் இல்லை. சின்ன வயதில் பனிச்சறுக்கில் கையை விரித்துக்கொண்டு போவேனே, வயிற்றுக்குள் அதே குறுகுறுப்பு. அதைக் கொஞ்சம் நீட்டித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. டிவிக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள் வெர்லின் என் வீட்டுக் கதவைத் தட்டினார். திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் வண்டியில் ஒரு புதுக் கல் இருந்தது. ஹால்வர்சென், ஈயோடு. ரொம்ப நேரம் தட்டினார். நான் திறக்கவில்லை. கதவைத் தட்டுவது கேட்பது ஆகாது. கேட்பதென்றால் வாயால் கேட்க வேண்டும்.

இப்போது எங்கள் ஊரில் கல் செதுக்க ஆள் இல்லை. வெர்லினின் கல்லையே நகரத்து நிறுவனம் ஒன்றுதான் செய்கிறது. கல்லறைத் தோட்டக் குழுவில் நான் இருப்பதால், பெயரைச் சரிபார்க்க என்னைத்தான் அழைத்தார்கள். தொலைபேசியில் பேசியவன் மரியாதையான பையன்.

"நில்சன், சன்னுதானே மேடம்?"

"சென்," என்றேன். "நிச்சயமா."

கல் அடுத்த வாரம் வருகிறது. லவான் அதைப் பார்த்ததும் எங்கே போவாள்? இந்த வேதனை இன்னதென்று தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். என்னிடம்தான் வருவாள். டிவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மார்லிஸைப் பார்ப்போம் என்று அவளுக்குச் சொல்வேன். நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். காப்பி வேண்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பாள். மறுபடி கேட்பேன், எதற்குச் சிரமம் என்பாள். நான் மூன்றாவது முறையும் கேட்பேன். அந்தப் பழக்கம் வெர்லினுக்குத்தான் இல்லாமல் போயிற்று.