எந்த அவர்?

2008 மார்ச் 5, புதன் மாலை. ஒஸ்லோவிலிருந்து ஹவுகெட்டோ போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். யன்னலுக்கு வெளியே கடலும் பனியும் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்தன.

“அவர் விட்டுக்குடுக்க மாட்டார், அக்கா,” என்றாள் இளையவள்.

“ஆர், அமெரிக்காவில எலெக்சன் கேக்கிற அந்தத் தம்பியோ?”

“இல்லை, என்ரை மனுசன். அவருக்கு அந்தத் தம்பிதான் கட்சி வேட்பாளரா வரவேணும். எனக்கு அந்தப் பொம்பிளை. நாலு நாளாக் கதைபேச்சு இல்லை.”

“வோட்டே இல்லாத ரெண்டு பேருக்கு வந்த சண்டையைப் பார்!”

கைபேசி ஒலித்தது. இளையவள் கண்மூடிக் கேட்டாள்.

“என்னவாம்?”

கைபேசியைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “‘ஒஹையோ மாநிலத்தில உம்மடை ஆள் வெண்டிட்டாவாம். தேத்தண்ணி போடட்டோ?’ எண்டு கேக்கிறார்.”

பிறகு கையை எடுத்து, மெதுவாக: “ஓம், ரெண்டு பேருக்கும் போடுங்கோ.”