மூச்சு வாங்குதா என்று கேட்ட கைபேசி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா திருமலைச்சாமி அவர்களே! பூண்டுக் காட்டுச் சோலியைப் போட்டுவிட்டு வந்திருக்கும் கிளாவரை ஊர்ப் பெரியோர்களே! களைக்கொத்தும் கையுமாகக் கதவருகே நிற்கும் தாய்மார்களே! புதிய மருத்துவச் செயலியை நம் கைபேசிகளில் ஏற்றித்தர மலையேறி வந்திருக்கும் நிறுவன நண்பரே! இந்த மலையில் ஊசி போட்டுப் பிழைக்கும் செவிலி ஆக்ஸிலியாவின் பணிவான வணக்கம்.

புதிய செயலியைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். புகழ்வதற்கு முன் ஒரு பழியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன மாசியில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முருகம்மாள் அக்காவுக்கு நெஞ்சை அடைத்தது. அவர் கைபேசியில் வேறொரு செயலி இருந்தது. ஏற்றிக் கொடுத்தவள் யார்? நான்! நம்பச் சொன்னவள் யார்? நான்! 'நடந்தால் மூச்சு வாங்குகிறதா?' என்று அது கேட்டது. அக்கா 'இல்லை' என்பதை அழுத்தினார். ஏன் என்று பிறகு கேட்டேன். "மேட்டுல ஏறுனா ஊருக்கே வாங்கும் தாயி, அதப் போயி வியாதின்னு சொல்லலாமா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். நீங்களும் அப்படித்தான் அழுத்தியிருப்பீர்கள்! 'வாயுத்தொல்லை, ஓய்வெடுக்கவும்' என்றது செயலி. அக்கா படுத்தார், கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து போய்விட்டது. மாரடைப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இன்று அவரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதன் பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தேன். நோயைக் கண்டறியும் மென்பொருளும் நம் நாட்டில் மருத்துவக் கருவிதான். தவறினால் எவ்வளவு கேடு என்று பார்த்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். என்னங்க ஐயா? "அப்ப ஏ தான் ஒசத்தியா?" என்கிறீர்களா? இது பரீட்சை மார்க் இல்லைங்க! ஏ என்றால் ஆபத்து குறைவு. டி என்றால் உயிரோடு விளையாட்டு. வகுப்பு ஏற ஏறச் சோதனையும் ஏறும், சான்றும் ஏறும்.

நான் ஏற்றிக் கொடுத்தது எந்த வகுப்பு? எந்த வகுப்பும் இல்லை! 'பொதுவான நலத்தகவலுக்கு மட்டும்' என்று கடைசியில் கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது. நடந்த அடிகளை எண்ணும் செயலிக்கு அது போதும். நெஞ்சடைப்புக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதுமா?

நிறுவன நண்பரே, உங்கள்மீது கோபமில்லை. உங்கள் செயலி என்ன வகுப்பு? உரிமம் எங்கே? மலைவாழ் மக்களிடம் சோதித்தீர்களா? தலையசைக்கிறார், மலையில் இன்னும் சோதிக்கவில்லையாம். உண்மை சொன்னதற்கு நன்றி. சோதித்து, உரிமம் வாங்கி வாருங்கள். நீங்கள் ஏற்றும் முதல் கைபேசி என்னுடையது.

எந்திரிக்காதீங்க முருகம்மாள் அக்கா, உக்காந்தே சொல்லுங்க. அந்தப் பழைய செயலி உங்களிடம் எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

"போன வருசத்தவிட இப்பக் கூடுதலா வாங்குதான்னு கேட்டிருந்தா, ஆமான்னு அமுக்கியிருப்பேன் தாயி."

கேட்டீர்களா? அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாத எதையும் நெஞ்சடைப்புக்கு நம்பாதீர்கள். வெரசா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காது கொடுத்த உங்களுக்கும், நான் பேசுகிறேன் என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்த முருகம்மாள் அக்காவுக்கும் என் நன்றி. வணக்கம்.