நேரில் வர வேண்டும்

சோப்புக் கிடைக்காத காலத்திலும் நான் கசங்கிய சட்டையோடு கந்தோருக்கு வேலைக்குப் போனதில்லை. பனம்பழக் களியில் தோய்த்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் குலையாமல் அழுத்திவிடுவேன். குண்டு விழுகிற ஊரில் மடிப்பு என்னத்துக்கு என்று அயலில் சிலர் சிரித்தார்கள். குண்டு விழுகிற ஊரில்தான் மடிப்பு வேண்டும் என்பது என் எண்ணம். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் மிச்சம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் சீவரத்தினம். வலம்புரித் தொழிற்கல்லூரியில் மாணவர் நலன் பகுதிக்கு நானே பொறுப்பதிகாரி. வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சபை மாதாமாதம் உதவிப்பணம் கொடுத்தது. அதைப் பெறுவதைவிட இழக்காமல் வைத்திருப்பது கடினம். வகுப்பு வரவு எண்பது வீதத்துக்குக் குறையக் கூடாது. பரீட்சையில் இரண்டு பாடத்துக்கு மேல் தவறக் கூடாது. வேறிடத்தில் உதவி வாங்கக் கூடாது. ஆண்டுதோறும் பெற்றார் கையெழுத்திட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்பார் இல்லை. ஷெல் விழுந்தது சேர், சைக்கிளுக்கு ரியூப் இல்லை சேர், இடம்பெயர்ந்ததில் பிறப்புச் சான்றிதழ் துலைஞ்சு போச்சு சேர். எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. என்னிடமும் இருந்தது, நான் அதை யாருடைய மேசையிலும் கொண்டுபோய் வைக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது தலை வெடிக்கும். பாலம் இல்லை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நிமிர்ந்து நின்றவை அந்த விதிகள் மட்டும்தான். அவற்றையும் வளைக்கச் சொல்லித்தான் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

பெர்னடெட் குருநகர் மீன்பிடிகாரர் ஒருவரின் பிள்ளை. படவரைஞர் வகுப்பில் படித்தாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட குடும்பம். கொக்குவிலில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சீலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவள் கையால் கீறிய கோட்டைப் பார்த்தால் கோடு கீறுகிற அடிமட்டமே வெட்கப்படும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்வார். நான் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாம் ஆண்டு கையெழுத்து வைக்க அவளுடைய தகப்பன் லியோன் வந்தார். கதவடியில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து, என் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

"தம்பி, எங்கை வைக்கிறது கையெழுத்தை?"

இடத்தைக் காட்டினேன்.

"பிள்ளைக்கு நீங்கள் செய்யிறது பெரிய உதவி, தம்பி. கடல் தடையை எடுக்கட்டும், நல்ல பாரை மீனாப் பாத்துக் கொண்டு வாறன். எங்கடை பக்கம் வந்து ஒருநாள் சாப்பிட்டுப் போகவும் வேணும்."

மூலையில் இருந்த தட்டெழுத்தாளர் மீனாம்பிகை சிரித்தாள். லியோன் எழுந்து போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்பாகத்தான் தட்டினார். என்னைவிட வயது கூடியவர், தம்பி என்று சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. என் தகப்பனார் காலத்தில் அவர்களுடைய ஆட்கள் எங்கள் வளவுக்கு வந்தால் படலையடியில் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அதற்கென்று ஒரு முறை இருந்தது, அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைத் தோய்த்துப் போட்டேன். தோய்த்து அழுத்தி அன்று காலையில்தான் போட்ட சட்டை.

அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டிய காலத்தில் லியோன் ஊரில் இல்லை. இங்கே கடலுக்குப் போகத் தடை என்பதால் மன்னார்ப் பக்கம் சொந்தக்காரரோடு தொழிலுக்குப் போயிருந்தார். பெர்னடெட் தனியாக வந்தாள்.

"அப்பா மன்னாரிலை நிக்கிறார் சேர். அம்மா வைச்சால் காணாதோ?"

"காணாது, பிள்ளை. போன வருசம் ஆர் வைச்சதோ அவர்தான் வைக்கவேணும்."

"அப்ப கடிதம் எழுதி அனுப்பச் சொல்லட்டோ?"

"நேரிலை வரவேணும்."

"பாதை இல்லையே, சேர்."

"ஆக்கள் வந்து போகினம்தானே."

உண்மைதான், வந்துபோனார்கள். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடிய பிறகு, நீரேரியைப் படகில் கடந்து கிளாலியில் இறங்குவதுதான் குடாநாட்டுக்கு வர இருந்த ஒரே வழி. விளக்கில்லாமல் இருட்டில் ஓடுவார்கள். கடற்படையின் ரோந்துப் படகு கண்டால் சுடும். இது குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை.

அவள் பங்குத்தந்தையின் அத்தாட்சியோடு வந்தாள். சுவாமி நல்லவர், ஆனால் பெற்றார் இல்லை என்றேன். கிராம சேவகரின் கடிதத்தோடு வந்தாள். அதில் திகதி தெளிவில்லை என்றேன். பிறகு தாய் அருமைநாயகியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா கதவடியை விட்டு உள்ளே வரவில்லை. அவவோடு நான் மிகவும் தன்மையாகக் கதைத்தேன். கல்லூரி அதிபரிடம் போனார்கள், அவர் என்னிடமே திருப்பி அனுப்பினார். இப்படி என் அறைக்கு முன்னால் நின்று நின்று அவளுடைய வரவு எண்பது வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதையும் நான் அவளுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"உங்களிட்டை வந்து நிண்டதாலைதானே சேர் நான் வகுப்புக்குப் போகேலை."

"அது காரணம், பிள்ளை. விதியிலை காரணத்துக்கு இடமில்லை. கொப்பர் வந்து கையெழுத்து வைக்கட்டும், வரவைப் பற்றிப் பிறகு யோசிப்பம்."

அவள் கையிலிருந்த பென்சில் முறிந்தது. வேண்டுமென்று முறித்தாளா என்று எனக்குத் தெரியாது. முறிந்த இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் பென்சிலும் தட்டுப்பாடு.

மன்னாருக்குப் போகிற ஒருவரிடம் அவள் தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். வாறன் என்று பதில் வந்தது. அதை என்னிடம் சொல்ல ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நல்லது, பிள்ளை, என்றேன். அவள் போன பிறகு என் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையைக் களஞ்சிய அறைக்கு அனுப்பினேன். ஏன் என்று மீனாம்பிகை கேட்டாள். கால் ஆடுகிறது என்றேன். அது ஆடவில்லை.

லியோன் வந்து சேரவில்லை. நீரேரியின் நடுவில் படகுக்குச் சூடு விழுந்தது. உடலைக் கிளாலிக் கரையில் இறக்கினார்கள். மீனாம்பிகைதான் செய்தியைக் கொண்டுவந்தாள். வாசலிலேயே குந்தியிருந்து அழுதாள். நான் வெளியில் காத்திருந்த பிள்ளைகளின் அலுவல்களை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

அடக்கம் முடிந்து சில நாட்களில் பெர்னடெட் கறுப்புச் சட்டையோடு வந்தாள். இருக்கச் சொல்ல அறையில் வேறு கதிரை இல்லை. நின்றபடியே கேட்டாள்.

"இனி ஆர் சேர் நேரிலை வரவேணும்?"

தகப்பன் இல்லாதபடியால் குடும்ப நிலைமை மாறிவிட்டது, இனி அது புது விண்ணப்பம், இந்த ஆண்டுக்கு முடிவு திகதி கடந்துவிட்டது, வருகிற ஆண்டு வரலாம் என்று விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

"உதவிப்பணம் எடுக்கிற பண்டத்தரிப்பு நடராசாவின்ரை மகளுக்கு ஆர் வந்து கையெழுத்து வைச்சது?"

நான் அவளுடைய கோப்பை மூடிக் கட்டினேன்.

"அவவின்ரை சித்தப்பா வைச்சவர். அவவே சொன்னவ. தேப்பன் கொழும்பிலை. அவரை ஏன் கிளாலியாலை கூப்பிடேலை?"

"அவையளை எனக்குத் தெரியும், பிள்ளை."



"எங்களையும் உங்களுக்குத் தெரியும், சேர்," என்றாள். அதற்குப் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. ஏதோ ஒரு தையற்கடையில் சட்டைகளுக்குத் தெறி கட்டுகிறாள் என்று மீனாம்பிகை சொன்னாள். மீனாம்பிகை என்னோடு கதைத்த கடைசி வார்த்தை அதுதான். பிறகு அவள் சபைக்கு எழுதினாள், நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

விதியின் வாசகத்தைக் கேட்டீர்கள். எனக்கு அது மனப்பாடம். "பெற்றாரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும்; பொறுப்பதிகாரி தேவையெனக் கருதினால் நேரில் அழைக்க வேண்டும்." ஓம், தாயின் கையெழுத்துப் போதும். அவள் முதல் நாள் கேட்டபோதே போதும். நடராசாவின் தம்பிக்கு விதியில் இடமே இல்லை; அவருக்கு நான் தேநீர் எடுப்பித்துக் கொடுத்தேன். லியோனை அழைப்பது தேவையென்று கருதினேன். கிளாலி என்று தெரிந்தே கருதினேன். அவர் வந்து, இருக்க இடமில்லாமல் என் முன்னால் நின்று, ஐயா என்று ஒருதரம் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகட்டும் என்று விரும்பினேன். வேறொன்றும் இல்லை. அவருடைய சாவை நான் விரும்பியதாக எழுதிவிட வேண்டாம். அவர் உயிரோடு வந்திருந்தால்தானே என் அலுவல் நடந்திருக்கும்.

ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒரேயொரு யோசனை இருக்கிறது, சபைக்குச் சொல்லுங்கள். அந்த வாசகத்திலிருந்து "தேவையெனக் கருதினால்" என்பதை எடுத்துவிடட்டும். ஒழுங்காக வேலை செய்கிற ஒருவனை அந்த இரண்டு சொற்கள்தான் இப்படி ஊர்வாயில் விழுத்தின. எடுத்துவிட்டால், நாளைக்கு இன்னொருவர் கையெழுத்து வைக்க வருகிற வழியில் செத்துப்போனாலும் அதை விதி என்று சொல்லிவிடலாம். யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்காது.