பச்சைப் பக்கம்

முதியவர்களின் கால் நகத்தை வெட்டுவதற்கு முன் பத்து நிமிடம் வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் சதையோடு வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை ஐயா, பெரியம்மாவின் கால்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது.

கையில் காசில்லாத முதியவர்களுக்கான அந்தக் குடியிருப்பில் ஆறு வருடமாகப் பராமரிப்பு வேலை. பதினான்கு அறைகள் என் பொறுப்பு. அதில் ஒருவரை, சொந்தமில்லை, பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பாத்திரம் தேய்த்தே முட்டி தேய்ந்தவர். பிள்ளை குட்டி இல்லை. மேல்மாடித் தையல்காரம்மா அரட்டைக்கு வருவார். பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடுமே என்று, தூங்குகிறார் எனச் சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவேன். சாயங்காலப் பாட்டுக் கூட்டத்துக்கும் விடவில்லை. அங்கே ஒருவர் இருமினால் பத்துப் பேருக்கு ஒட்டிக்கொள்ளும். நான் ஒருத்தி போதாதா?

போன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பெரியம்மா சொல்லி எழுதிய மனுவைப் படித்துக் காட்டினார். "நல்ல பொண்ணுதான். ஆனா யாரையும் என்கிட்ட அண்ட விடுறதில்ல. வேற ஆள் அனுப்புங்க." அன்று காலையில்கூட என் கையால்தான் தலை வாரிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதுதான். ஆத்திரம் வந்தது, மறைக்க மாட்டேன். புது ஆள் திங்கட்கிழமை வருவாள் என்றார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கதவிலும் வெளிப்பக்கம் ஓர் அட்டை தொங்கும். இரவில் காவலாளி எல்லாவற்றையும் சிவப்புப் பக்கம் திருப்பி வைப்பார். காலையில் எழுந்ததும் அவரவர் பச்சைக்குத் திருப்ப வேண்டும். ஒன்பது மணிக்கும் சிவப்பாக இருந்தால் மாற்றுச் சாவி போட்டுத் திறப்போம். பச்சை என்றால் ஆள் நலம்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குப் பெரியம்மாவின் அட்டை சிவப்பாகவே இருந்தது. தட்டினேன்.

"நீயாம்மா? நல்லவேளை வந்த. குளியலறையில விழுந்துட்டேன், எந்திரிக்க முடியல."

அட்டையைப் பச்சைக்குத் திருப்பினேன்.

சனிக்கிழமையும் திருப்பினேன். குரல் மெலிந்திருந்தது, தண்ணீர் கேட்டார். தையல்காரம்மா வந்தார், தூங்குகிறார் என்றேன். அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை உள்ளே சத்தமில்லை. அன்றும் திருப்பினேன்.

யாருமில்லாமல் தனியாகக் கிடந்து செத்தார் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் சரி, அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. மூன்று நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்.