மூன்று வட்டியும் இரண்டு வட்டியும்

காப்பி நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். எங்கள் லிப்பாவில் போலீஸ் ஸ்டேஷன் காப்பிகூடச் சோடை போவதில்லை. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கௌடென்சியோ. டென்சியோ என்றால்தான் தெருவில் தெரியும். முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தேன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் அண்ணன் அம்போவும் மட்டும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சீட்டாட்டமும் ஊர்க்கதையும் இருந்தால் அவனுக்குச் சோறுகூட வேண்டாம்.

போன வருஷப் புயலில் கூரை பறந்தபோது கிரெடிட் கார்டில் தகரம் வாங்கினேன். பதினெட்டாயிரம் பீசோ பாக்கி, மாதம் மூன்று வட்டி. அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை, என் தங்கை புருஷன் வில்ஃப்ரெடோ அதே வங்கியில் இரண்டு வட்டி கட்டுகிறான் என்று தெரிகிற வரைக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டுக்கு வந்து, என் மீனைத் தின்றுகொண்டே கேட்பான்.

"என்ன மச்சான், இன்னும் மூணு வட்டிதானா? நான் ஒரே ஒரு போன் போட்டேன், குறைச்சுட்டான். கேக்குற விதத்துல கேக்கணும். உங்களுக்கு வாய் பத்தாது."

மாதம் நூற்றெண்பது பீசோ வித்தியாசம். பணம் பெரிதில்லை, சார்ஜென்ட். வாய் பத்தாது என்றானே, அது பொறுக்கவில்லை.

வங்கிக் கிளைக்கு நான் பதினொரு தடவை போன் செய்தேன். முடியாது என்றே பதில் வந்தது. பன்னிரண்டாவது தடவை ஜோவலின் என்ற பெண் எடுத்தாள். தங்கமான பெண். "சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? துக்கம் ஏதாச்சும் நடந்துச்சா? அப்படி இருந்தாதான் மேனேஜர்கிட்ட நான் பேச முடியும்" என்றாள். அம்போ அப்போது என் எதிரே உட்கார்ந்து பொரித்த கருவாடு தின்றுகொண்டிருந்தான். "என் அண்ணன் நேற்று இறந்துவிட்டான்" என்றேன். நேற்று என்பது பதினான்காம் தேதி. அம்போ நிமிர்ந்து பார்த்தான். பிறகு இன்னொரு கருவாடு எடுத்துக்கொண்டான்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான் எதிர்பார்க்காதது அதற்கு அடுத்தது. நம் ஊரில் சாவு என்று கேள்விப்பட்டு யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள் இல்லையா? "எந்தத் தெரு சார்? நாளைக்கு மேனேஜரையும் கூட்டிட்டு வர்றோம்" என்றாள்.

அம்போவை நான் வற்புறுத்தவில்லை. அவனே சந்தோஷமாகச் சொன்னான். "என்னைப் பத்தி நாலு பேர் நல்லதா பேசுறதக் கேக்கணும்டா. உயிரோட இருக்குறப்ப எவன் பேசுறான்?" சாவு வீட்டில் சீட்டாடினால் போலீஸ் கேட்காது என்பதும் அவனுக்கு ஒரு காரணம். உங்களுக்குத் தெரியாததா, புதன்கிழமை நீங்களே வந்து இரண்டு ஆட்டம் ஆடினீர்கள். பிணத்தின் முகம் தெரிய, உள்ளிருந்தே தள்ளித் திறக்கிற கண்ணாடி வைத்த சவப்பெட்டி வாங்கினேன். தெருவுக்கு விஷயம் தெரியும். ஆட்டம் நடக்கிறது, காப்பியும் பிஸ்கட்டும் வருகிறது, யார் காட்டிக்கொடுப்பார்கள்? வங்கி ஆட்கள் வருவது தெரிந்தால் வாசலில் ஒருவர் இருமுவார். அம்போ சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வான்.

ஜோவலின் கண்ணாடியில் கை வைத்து அழுதாள். "தூங்குற மாதிரியே இருக்காரு சார்" என்றாள். மேனேஜர் அலுவலகத்தில் வசூலித்த உறையை என் கையில் வைத்தார். "அடக்கம் முடியட்டும். இருபத்தஞ்சாம் தேதி பில்லுலயே ரெண்டு வட்டி வந்துரும்" என்றார். பெட்டிக்குள் அம்போவின் உதடு லேசாகச் சிரித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

காலிப் பெட்டியை அடக்கம் செய்துவிட்டு அம்போவை மிண்டோரோ தீவுக்குக் கப்பலேற்றிவிடுவதாகத் தெருவில் சொல்லியிருந்தேன். ஆனால் பத்தொன்பதாம் தேதி வங்கியே கிளம்பிக் கல்லறைக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்குள் முகம் தெரியாவிட்டால் கேட்பார்கள். அதனால் அம்போ உள்ளே இருந்தபடியே போக வேண்டியதாயிற்று. சுவரில் மாடம் மாடமாக இருக்கிற அடுக்குக் கல்லறை, மூன்றாவது வரிசை. அம்போவின் தலை மாடத்தின் வாய்ப்பக்கம் வரும்படி பெட்டியைத் தள்ளி, என் கையாலேயே கல் வைத்துப் பூசுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்கள். மூலையில் ஒரு கை நுழைகிற ஓட்டை விட்டு, அதன்மேல் வங்கி கொடுத்த மலர்வளையத்தை மாட்டினேன். சாயங்காலம் திறந்துவிடுகிறேன் என்றுதான் அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் போனேன். யோசித்துப் பார்த்தேன். வெளியே விட்டால் மறுநாள் காலையிலேயே சந்தைக்குக் கிளம்பிவிடுவான். வங்கி சந்தைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அம்போவை அறுபது வருஷமாக அறிவேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிட என்று சொன்னால் செத்துவிடுவான்.

"பில் வர்ற வரைக்கும் இரு அண்ணே. ஆறே நாள்தான்" என்றேன்.

"டேய், திரும்பிப் படுக்கக்கூட இடமில்லடா."

"சோறு கொண்டு வர்றேன்."

ஓட்டை வழியாகக் கையை நீட்டி, "சீட்டுக்கட்டு இருந்தா குடு" என்றான்.

தெருவில் கேட்டவர்களிடம், அன்று ராத்திரியே அவனை மிண்டோரோவுக்குக் கப்பலேற்றிவிட்டேன் என்றேன். தினமும் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு போனேன். தண்ணீருக்கு ஒரு ரப்பர் குழாய். நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பூ விற்கிற பெண்கள், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்றார்கள்.

இருபத்தைந்தாம் தேதி பில் வந்தது. இரண்டு வட்டி. ஞாயிற்றுக்கிழமை அதை வில்ஃப்ரெடோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டுச் சாப்பாடு முடிகிற வரை அவன் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியான சாப்பாடு சாப்பிட்டதில்லை.

ஆனால் அந்த இரண்டு வட்டி தற்காலிகம்தானாம். ஜோவலின் போனில் சொன்னாள்: "நாப்பதாம் நாள் பிரார்த்தனைக்கு நாங்களும் வர்றோம் சார். அன்னைக்கே மேனேஜர் நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டுடுவாரு." இதை அம்போவிடம் சொன்னேன். அவன் என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். இரண்டு பேருக்கும் ஒரே தாய் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டான். சுவரையும் தட்டினான். அவசரப்பட்டு முடிகிற காரியமா இது?

முப்பதாம் தேதி மதியம் நான் கல்லறையில் இருந்தபோது ஜோவலின் சொல்லாமல் கொள்ளாமல் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். அம்போவுக்கு அவள் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"அம்மாடி, என்னை வெளிய எடும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், யாரோ கூப்பிடுற மாதிரி..."

"எனக்கும் தினம் அப்படித்தாம்மா கேக்குது" என்றேன். அது பொய்யில்லை. சத்தமாகப் பிரார்த்தனை ஆரம்பித்தேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டாள். அழுதுகொண்டேதான் போனாள்.

பக்கத்தில் புதுக் கல்லறை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி சிமெண்டுக் கலவை கேட்டேன், கொடுத்தார்கள். ஓட்டையை அடைத்து, விளிம்பு தெரியாமல் பூசினேன். சத்தம் வெளியே வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம். காற்றைப் பற்றி நினைக்கவில்லை என்று எழுதுங்கள். நினைத்தேன் என்று எழுதினாலும் மறுக்க மாட்டேன்.

மறுநாளும் சோறு கொண்டு போனேன். தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ரோஷம் அதிகம். அங்கேயே உட்கார்ந்து சோற்றை நானே சாப்பிட்டேன்.

நேற்று நாற்பதாம் நாள். மேனேஜர் பேனாவும் கையுமாக வந்திருந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பெப்பாங் சும்மா இருந்திருக்கலாம். "காலிப் பெட்டிக்கு எதுக்கு டென்சியோ இத்தனை மெழுகுவர்த்தி? மிண்டோரோவுல அம்போ எப்படி இருக்கான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். மேனேஜர் பேனாவை மூடினார். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், சுவரை உடைத்தது நீங்கள்தான்.

அண்ணனைக் கொன்றது நான்தான், சார்ஜென்ட். சுற்றி வளைக்காமல் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். இறந்த தேதி முப்பது என்று உங்கள் டாக்டர் போட்டிருக்கிறார். அதைப் பதினான்கு ஆக்கிவிடுங்கள். முப்பது என்று இருந்தால் இருபத்தைந்தாம் தேதி பில் செல்லாது என்பார்கள், மறுபடி மூன்று வட்டி ஆகிவிடும். அப்புறம் என் அண்ணன் செத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.