தலைகீழாய் ஒட்டிய தாள்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் லொரேன் அம்மையார் அவர்களே! தொலைநோக்கி சுமந்தே தோள் தேய்ந்த பெரியோர்களே! உறைபனி படர்ந்த புல்வெளிக்குத் தேநீர்க் குடுவையோடு வந்து காத்திருந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா ரோவினா அவர்களே! வணக்கம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் ஆறாம் நாள். சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்த நாள். சார்ல்வில் குதிரைப் பந்தயத் திடலில் நம் வானியல் சங்கம் கூடிய நாள். மறந்திருப்பீர்களா? மறக்கத்தான் முடியுமா?

அதற்கு எட்டாண்டு முன்பும் வெள்ளி கடந்தது. அன்று எனக்கு இரண்டு வயது, கடும் காய்ச்சல். சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருக்க, மருத்துவமனையின் கிழக்குச் சன்னலருகே என்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார் அம்மா. இந்த முறையும் தவறினால் அடுத்தது நூற்றைந்து ஆண்டு கழித்து! சூரியனின் விளிம்பை வெள்ளி தொடும் நொடி. அந்த ஒரு படம்தான் அம்மா ஆசைப்பட்டது.

எந்த விளிம்பு? அதைச் சொன்னவள் நான். நூலகப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து, வண்ணம் தீட்டி, ‘மேலோரம்’ என்று அம்புக்குறி போட்டு, கேமரா முக்காலியில் ஒட்டினேன். அம்மா சூரிய ஒளி வடிகட்டியை மாட்டி, கேமராவைச் சூரியனின் மேலோரத்தை நோக்கி நிறுத்தினார்.

எட்டேகால். ஒன்றுமில்லை. எட்டு இருபது. ஒன்றுமில்லை.

பக்கத்துத் தொலைநோக்கியிலிருந்து டெஸ் கத்தினார்: “என்ன ரோவினா, அங்க மீனா புடிக்கிற? அவ கீழ் வாசல் வழியா வந்து உக்காந்தாச்சு!”

அம்மா திருப்புவதற்குள் சூரியனின் கீழோரத்தில் கரிய கடி விழுந்துவிட்டது. புத்தகம் வடபாதி உலகில் அச்சானது. அவர்களுக்கு மேலே என்றால் தென்பாதி உலகில் நிற்கும் நமக்குக் கீழே! (டெஸ் என்ன சொல்கிறார்? “நாமதான் நேரா நிக்கிறோம்” என்கிறார். கைதட்டுங்கள்!)

வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன். “ரெண்டு தடவையும் என்னாலதாம்மா போச்சு.”

“அடி கழுதை, வந்தவ போகாமலா இருப்பா? போறப்பவும் விளிம்பைத் தொட்டுத்தானே போகணும்? அந்தத் தாளைக் கொண்டா” என்றார் அம்மா. பிய்த்தார். தலைகீழாகத் திருப்பி ஒட்டினார்.

ஆறு மணி நேரம்! ரொட்டிக்குள் வைத்த தொத்திறைச்சி ஆறிப்போயிற்று. இரண்டு மணிக்கு மேற்கே ஒரு மேகம். டெஸ் தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி விசிறினார். அதுவும் விலகியது, ஐயா!

இரண்டு இருபத்தாறு. கரும்புள்ளி கீழோரத்தை நெருங்கி, விழத் தயங்கும் மைத்துளியாய் ஒட்டிக்கொண்டது. அம்மா கெஞ்சினார்: “இருடி, கொஞ்சம் இரு...” சொடுக்கென்று ஒரு சத்தம். “புடிச்சுட்டேன்டி, ஹெய்டி!”

அந்தப் படம்தான் என் பின்னால் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் என் தாள். போன வாரம் வண்ணமடிக்க வந்தவர், பாவம், எழுத்து தலைகீழாக இருக்கிறதே என்று அதை நேராக மாட்டிவிட்டுப் போனாராம். அம்மா நாற்காலி போட்டு ஏறித் திருப்பினார்.

புத்தகம் பொய் சொன்னதா? இல்லை. எழுதியவர் நின்ற மண் வேறு. நான் நின்ற மண் வேறு. இன்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் கேட்கிறேன்: இவர் எங்கே நின்று வானத்தைப் பார்த்தார்? நான் எங்கே நிற்கிறேன்?

இன்னும் நூறு ஆண்டு கழித்து வெள்ளி மீண்டும் கடக்கையில் நாம் யாரும் இருக்க மாட்டோம். அந்தத் தாள் இருக்கட்டும். தயவுசெய்து யாரும் அதை நேராக்கிவிடாதீர்கள்!

கேட்ட செவிகளுக்கு நன்றி. காய்ச்சலில் கிடந்த என்னைச் சுமந்த மடிக்கு முதல் நன்றி. வணக்கம்.