குளிர் கசியாத கதவு

அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் பேசலாமா, ஐயா? திறந்து கிடக்கிற கதவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வீட்டில் மல்லிகா கேலி செய்வாள். "சாமி ரூம்புக் கதவையும் இறுக்கிச் சாத்துறீங்களே, சாமிக்கு மூச்சு முட்டாதா?" பெண்டாட்டி வாயை மூட முடியுமா, சிரித்துக்கொள்வேன்.

காஜா பெராங்கில் இருந்த குளிர் அறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆள் உள்ளே நடமாடுகிற அளவு பெரியது, சுவர் முழுக்கத் தக்கை. சண்டை வந்து சீன முதலாளி ஓடிப்போனதும் ஜப்பான்காரன் அதை எடுத்துக்கொண்டு தன் அதிகாரிகளுக்கு மாட்டிறைச்சி அடுக்கினான். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கலியாணசுந்தரம். இறைச்சி நாறிய அன்று அவனை லாரியில் ஏற்றினார்கள். ஆள் திரும்பவில்லை. அவன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்கிற காலமா அது?

மின்சாரம் காலையில் மட்டும் வரும். உச்சிவேளையில் நின்றால் மறுநாள்தான். அதுவரை பிடித்துவைத்த குளிரை விடக்கூடாது. கலியாணசுந்தரம் பாவம், இயந்திரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தான். குறை கதவில் இருந்தது. ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பயன்? விலை போகாமல் கிடந்த ரப்பர் ஷீட்டை அறுத்துக் கதவு விளிம்பில் ஒட்டினேன். குழாய்ச் சுருளில் படிந்த பனியைச் சுரண்டினேன். தக்கை உளுத்த இடங்களில் உமி திணித்தேன். மிச்சம் ஒரே ஒரு கசிவு. உள்ளே மாட்டிக்கொண்டவன் தள்ளித் திறப்பதற்காகக் கதவை ஊடுருவி ஒரு பித்தளைத் தண்டு இருந்தது. அதைச் சுற்றி எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். தண்டைக் கழற்றினேன், ஓட்டையைத் தாரால் அடைத்தேன். அதன்பிறகு குளிர்மானியின் முள் ஏறவேயில்லை. எனக்கு அத்தனை சந்தோஷம்.

பொன்னுதுரைக்குத்தான் பிடிக்கவில்லை. இறைச்சி சுமக்கிறவன், வாய் ஓயாதவன்.

"என்னாண்ணே, இது ஐஸ் ரூம்பா, சவப்பெட்டியா?"

"உள்ள இருந்து தட்டு. நான் இங்கதானே இருக்கேன்."

"உங்களை நம்பித்தான் போறேன், பாத்துக்குங்க" என்று சிரித்தான்.

கொழுப்புத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போவான். மரவள்ளியைத் தின்றே அவன் பிள்ளைகள் ஊதிப்போயிருந்தன. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். நான் ஈரமில்லாதவன் இல்லை, ஐயா. ஆனால் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுவானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

மறுநாள் பெரிய அதிகாரி இறைச்சியைப் பார்க்க வருவதாக இருந்தது. மின்சாரம் நிற்கப்போகிற நேரம். நான் குனிந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பொன்னுதுரை, "வரேண்ணே" என்றான். நம் ஆட்கள் வீட்டுக்குப் புறப்படும்போது போகிறேன் என்றா சொல்வோம்? வரேன் என்றுதானே சொல்வோம். கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வழக்கம்போலத் திறந்துபோட்டுவிட்டானே என்று திட்டிக்கொண்டே சாத்தித் தாழ் போட்டேன்.

ஜப்பான்காரனிடமும் இதையேதான் சொன்னேன். வருகிறேன் என்றவன் எப்படிப் போனவன் ஆவான் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பொன்னுதுரையின் பெண்சாதி சிவகாமசுந்தரிக்கு உடனே விளங்கியது. "ஆமாண்ணே, போறேன்னு அவரு வாயில வரவே வராது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தட்டியது கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. மின்சாரம் நின்று இயந்திரம் அடங்கியிருந்தது. பல்லி கத்தினாலும் கேட்கும். முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மரியாதையாகத் தட்டினான். பிறகு அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டான். என் கை தாழில்தான் இருந்தது. முள்ளைப் பார்த்தேன். இருக்கவேண்டிய இடத்தில் அழகாக நின்றது. திறந்தால் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்த குளிர் என் காலடியில் கொட்டிவிடும். நாளைக்கு என்னையும் லாரியில் ஏற்றுவார்கள். சற்று நேரம் இருக்கட்டும், கதவின் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன். அவன் உடம்புச் சூட்டில் முள் கொஞ்சம் ஏறியது. எனக்குக் கவலையாகிவிட்டது. சாயங்காலம் தானாகவே இறங்கியது. அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன்.

காலையில் நான்தான் முதலில் திறந்தேன். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். தனியாளாகத் தூக்க முடியவில்லை. துணைக்கு ஆள் வரும்வரை கதவைத் திரும்பச் சாத்திவைத்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அவன் நகமெல்லாம் தார். தண்டு இருந்த ஓட்டையைத் தோண்டித் தோண்டிப் பார்த்திருக்கிறான். அடைப்பு பெயரவேயில்லை. நான் அடைத்தது அப்படி.